அண்ணன் போட்ட விலை

எண்பது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. எண்பதாயிரம் ரூபாய். அப்பா விட்டுப்போன இந்தப் பழைய டிராக்டருக்கு எண்பதே அதிகம் என்பார்கள், இரும்பாக எடை போட்டால் அதில் பாதிகூடத் தேறாது என்பார்கள், நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டிக்கொள்ளலாம். வையாபுரி மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, தோள் துண்டால் விசிறிக்கொண்டு, "அவசரமில்ல மாப்ளே, நல்லா சுத்திப் பாத்துட்டு வெலயப் போடு" என்று சொல்லிவிட்டார். அம்மாவின் தம்பி. எங்கள் பாகப்பிரிவினைக்கு அவர்தான் நடுவர். அவர் சொன்னதற்காகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வண்டி தன் பாட்டுக்கு டப் டப் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, மோட்டார் கொட்டகைச் சுவரெல்லாம் புகை. எத்தனை முறை சுற்றினாலும் வண்டி மாறப்போவதில்லை. பின் டயரில் கட்டை தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, ஒரு டயர் ஏற்கனவே ரீட்ரேடிங் போட்டது. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒரு சாண் திருப்பினால்தான் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேருகிறது. மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் அப்பா இருக்கும்போதே செத்துவிட்டது. செல்ஃப் மோட்டாரும் போய்விட்டதால் மேட்டிலிருந்து உருட்டித்தான் கிளப்ப வேண்டும், அதற்காகவே என் தம்பி மதிவாணன் அதை எப்போதும் இந்தச் சரிவில் கொண்டுவந்து நிறுத்துவான். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் எண்பது நியாயம்தான். உழவுக்கு என்றால் நியாயம். உழவுக்கு என்றால். அந்த வார்த்தையில் வந்துதான் ஒவ்வொரு முறையும் கால் தடுக்குகிறது. பின் சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறவன்போல முகத்தைத் தாழ்த்திக்கொள்கிறேன், ஏனென்றால் காது இரண்டும் சுடுகிறது, சுடுகிற காது வெளியே எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்க ஒரே வழக்கம்தான். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும். பிரிக்க முடியாத பொருள் என்றால் மூத்தவன் விலை போட வேண்டும், அந்த விலைக்குப் பொருளை எடுத்துக்கொண்டு பாதியை அண்ணனுக்குக் கொடுப்பதா, இல்லை பொருளை அண்ணனுக்கே விட்டுவிட்டுப் பாதியை வாங்கிக்கொள்வதா என்று இளையவன் சொல்ல வேண்டும். எவன் யோசித்தானோ, பலே ஆள். குறைத்துப் போட்டால் தம்பி பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கூட்டிப் போட்டால் உன் தலையிலேயே கட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வான். ஆகவே மூத்தவன் யோக்கியனாக இருந்துதான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. நேற்று வீட்டையும் நிலத்தையும் அப்படித்தான் பிரித்தோம். நான் நூல் பிடித்த மாதிரி பிரித்தேன், ஒரு முழம் அந்தப் பக்கம் போகவில்லை, மாமாவே "எங்க அக்கா வளப்புடா" என்று சொன்னார், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மதி வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற துண்டை எடுத்துக்கொண்டான். அதில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மேல் துண்டு ரோட்டோரம். ஏன் கீழ்த் துண்டை எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அது அவன் உரிமை, வழக்கப்படி அவன்தான் எடுக்க வேண்டும், எடுத்தான், அவ்வளவுதான். ஆனால் இந்த வழக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, யோசித்தவனுக்கு அது தோன்றவில்லை. இளையவன் கையில் காசு இருக்க வேண்டும். காசில்லாதவன் எதை எடுப்பான்? நான் எவ்வளவு குறைத்துப் போட்டாலும் பாதியைக் கொடுத்து வண்டியை எடுக்க மதியிடம் வழியில்லை. ஆடிக்காற்றில் குலை தள்ளிய வாழை பூராவும் படுத்துவிட்டது. மகள் சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாள், இந்த மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். அதை என்னிடம் அவன் சொல்லவில்லை, அவன் மனைவி பூங்கோதை என் மனைவி தமயந்தியிடம் சொல்லி, தமயந்தி என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவரால வண்டிய எடுக்க முடியாது" என்றாள். வருத்தமாகத்தான் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன்.

"லிஃப்ட்டு நிக்கிறதில்லண்ணே" என்கிறான் மதி. கலப்பையைத் தூக்கிக் காட்டுகிறான், அது மெல்லமெல்லத் தரைக்கு இறங்குகிறது. "இந்தா பாரு, எறங்குதா. இதையும் கழிச்சுக்க." பிறகு ஆயில் மூடியைத் திறந்து, "பொக வருது பாரு. ரிங்கு போயிருச்சு. ரஷ்யா வண்டிக்கு இப்ப சாமானுக்கு எங்க போறது?" என்கிறான். விரலில் பட்ட ஆயிலைக் கைலியில் துடைத்துக்கொள்கிறான். இவனுக்கு என்ன கேடு? விலை ஏறினால் பாதி இவனுக்கு. வாயை மூடிக்கொண்டு நின்றாலே இவனுக்கு லாபம். நின்று நிதானமாகத் தன் பங்கைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபம் வருகிறது, நிஜமாகவே கோபம், கொஞ்சமாவது காரியவாதியாக இருந்து தொலைத்தால் என்ன, எதிரில் நிற்கிறவனும் கொஞ்சம் கள்ளனாக இருந்தால்தானே நமக்கு மூச்சு விட முடியும். "பாத்தேன் பாத்தேன்" என்கிறேன். குரல் கடைக்காரக் குரலாக வருகிறது. இருபது வருஷமாக முசிறியில் உரக்கடை வைத்திருக்கிறேன், மூட்டைக்கு இத்தனை என்று சொல்லும்போது வருகிற குரல், அதில் முகம் தேவையில்லை. மதி எதைக் குறை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறானோ அதெல்லாம் அந்த ஏற்காட்டுக்காரருக்குக் குறையே இல்லை. அதுதான் வேடிக்கை. போன வாரம் கடைக்கு வந்தார், குளிர்கண்ணாடி, முழங்கால் வரைக்கும் கால்சட்டை, ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, ஏற்காட்டில் ரிசார்ட் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். என் மகன் பொங்கலுக்கு மாலை போட்டு இந்த வண்டியைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான், அதைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வாசலில் நிறுத்தப் போகிறாராம். சுற்றிலும் புல்தரை. வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்களாம். ஓடாவிட்டால் பரவாயில்லையாம். "பெயிண்ட் மட்டும் அடிச்சிராதீங்க சார், கழுவக்கூட வேணாம். அந்தத் துருவுக்குத்தான் காசு" என்றார். மூன்று லட்சம் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் கல்லாப்பெட்டியைப் பார்த்தேன், வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். வீட்டில் என்றால் யாருடன்? வண்டியில் பாதிக்குச் சொந்தக்காரன் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இந்த வயலில் இருந்தான். நான் தமயந்தியிடம் கலந்துகொண்டேன்.

மூன்று. அந்த எண்ணை மனசுக்குள்கூட உரக்கச் சொல்லப் பயமாக இருக்கிறது, மாமா காதில் விழுந்துவிடும்போல. நியாயம் என்றால் என்ன, அதைக் கேட்கிறேன். ஒரு பொருளுக்கு நியாயமான விலை எது? உழவுக்கு எடுக்கிறவன் கொடுப்பதா, வாசலில் நிறுத்துகிறவன் கொடுப்பதா? வண்டி உழுவதற்காகச் செய்தது, உழவு விலைதானே அதன் விலை? மற்றது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் என் கடைக்கு வந்தது, என் மகன் எடுத்த படத்தைப் பார்த்து வந்தது, அதில் தம்பிக்கு என்ன பங்கு? சரி. அப்படியானால் அதை மாமாவிடம் சொல்லேன். சொல்லிவிட்டு, இது என் அதிர்ஷ்டம் என்று வாதாடேன். சொல்ல மாட்டாய். சொல்ல வாய் வராத இடத்தில்தான் திருட்டு இருக்கிறது, இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனால் நான் என்ன ஊரான் சொத்தையா எடுக்கிறேன், விற்ற பிறகு அவன் மகள் படிப்புக்கு நானே கொடுக்கலாம், பெரியப்பா கொடுத்தார் என்று இருக்கட்டும், சும்மா கொடுத்தால் அது பெரிய மனசு, பங்காகக் கொடுத்தால் வெறும் கணக்கு. இந்த யோசனை வந்ததும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது. அவன் பணத்தை அவனுக்கே தானம் செய்து, பூங்கோதை கும்பிடுவதை வாங்கிக்கொண்டு வரலாம். சீ. இப்படியெல்லாம் யோசிக்கிற ஒருத்தன் எனக்குள்ளே எத்தனை நாளாகக் குடியிருக்கிறான்? வாடகை கொடுக்காமல் இருக்கிறானே. எனக்குக் கஷ்டம் என்றாலும் ஒரு நியாயம் உண்டு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கடை ஓடுகிறது, மாடி கட்டியாகிவிட்டது. மாடிக்கு டைல்ஸ் போட வேண்டும், அவ்வளவுதான். டைல்ஸ். பளபளவென்று, ஈரக்காலோடு நடந்தால் வழுக்குகிற வகை, தமயந்தி திருச்சியில் பார்த்துவைத்திருக்கிறாள்.

சட்டைப்பையில் செல்போன் துடிக்கிறது. மாரடைப்பு என்றால் இப்படித்தான் இருக்குமோ. ஏற்காட்டுக்காரர்தான், இன்றைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார், பெயரைப் பதிந்துவைத்திருக்கிறேன், எடுத்தால் திரையில் தெரியும், மதி பக்கத்தில் நிற்கிறான், மதிக்கு நன்றாகப் படிக்க வரும். எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்பார்கள். பையை உள்ளங்கையால் அமுக்கிக்கொள்கிறேன், தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி. "போன் அடிக்குது பாருண்ணே" என்கிறான் மதி. "கம்பெனிக்காரன். அப்புறம் பேசிக்கலாம்" என்கிறேன். பொய் இவ்வளவு சுலபமாக வருமா, எச்சில்கூட விழுங்கவில்லை. துடிப்பு நிற்கிறது. சற்றே திரும்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தால் தமயந்தி. முடிந்ததா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். அவள்மேல் கோபப்படலாம் என்று பார்க்கிறேன், இவள்தான் தூண்டினாள் என்று. அவள் ஒன்றும் தூண்டவில்லை. மூன்று லட்சம் என்று நான் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "மதிக்கு ஒண்ணரை வருமா?" என்றுதான். நான் பதில் சொல்லாமல் சாப்பிட்டேன். ரசத்தை ஊற்றினாள். அதற்குப் பிறகுதான், "அவரால வண்டிய எடுக்க முடியாது" என்றாள். என் மௌனத்தைப் படித்துவிட்டுச் சொன்னது அது. வருத்தமும் இல்லை, தூண்டுதலும் இல்லை, இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் இந்த மனுஷன் என்ன செய்யப் போகிறான் என்று கண்டுபிடித்துவிட்டுச் சொன்னது. எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இன்ஜின் ஆட்டம் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. சொல்லிவிடலாம். இப்போதே. மதி, ஒருத்தர் மூன்றுக்குக் கேட்கிறார், என்று ஒரே மூச்சில். எவ்வளவு சின்ன வாக்கியம். சொன்னால் என்ன ஆகும்? மாமா துண்டை உதறிப் போட்டு, "அப்பாடி, அடிச்சுதுடா லாட்டரி" என்பார். மதி சிரிப்பான், முன்பல் ஒன்று போன பிறகு அவன் சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோவான். ஆளுக்கு ஒன்றரை. எனக்கும் ஒன்றரை கிடைக்கிறது, சும்மா இருந்ததற்கு! டைல்ஸ் போட்டது போக மிஞ்சும். அப்படியிருக்க எதற்கு இந்த வேர்வை? ஆனால் எப்போது கேட்டார் என்று மதி கேட்பான். போன வாரம். போன வாரமே தெரிந்தும் நேற்று முழுக்க வாயைத் திறக்கவில்லையா? யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், எனக்குத் தெரியும், ஆனால் மாமா ஒரு நொடி என்னைப் பார்ப்பார். அந்த ஒரு நொடிதான். அந்த நொடிக்குப் பயந்துதான், பணத்துக்காக இல்லை, சத்தியமாகப் பணத்துக்காக இல்லை, போன வாரம் பணத்துக்காக இருந்தது, இப்போது அந்தப் பார்வைக்காக. வாயைத் திறந்தால் உண்மை வருமோ பொய் வருமோ என்று எனக்கே தெரியவில்லை. "என்ன மாப்ளே, வண்டிய வாங்கப்போறியா, பொண்ணு பாக்கப்போறியா?" என்கிறார் மாமா. மதி சிரிக்கிறான், கை வாய்க்குப் போகிறது. பூங்கோதை கொட்டகைப் பக்கத்திலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்து நிற்கிறாள். விலை முடிந்ததும் வெற்றிலை மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றினால் அதற்குப் பிறகு பேச்சில்லை. காலையில் கொடியிலிருந்து கிள்ளியிருக்கிறாள், நீர் தெளித்து, பச்சைப்பசேல் என்று.

"ஒண்ணேகால்" என்கிறேன்.

எங்கிருந்து வந்தது இது? எண்பது என்று போட்டுவைத்திருந்தேன், மூன்று என்று சொல்லப்போனேன், இரண்டும் இல்லாமல் ஒன்று வந்து விழுந்திருக்கிறது. ஒன்றேகால் லட்சம். "அட, தாராளமாத்தான் போடறே" என்கிறார் மாமா. தாராளம். ஆமாம், எண்பதுக்கு மேலே போட்டது அத்தனையும் என் மனசாட்சிக்கு நானே கொடுத்த லஞ்சம், அது வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டது. முழுசாக ஏமாற்றக்கூடத் துணிச்சல் இல்லாதவன் நான். ஏமாற்றிவிட்டு நல்லவன் என்றும் பேர் வாங்க வேண்டும் எனக்கு. இன்னும் நேரம் இருக்கிறது, தட்டு இன்னும் மாறவில்லை, தமாஷுக்குச் சொன்னேன் என்று சொல்லலாம். "இப்ப நீ சொல்லு மதி" என்கிறார் மாமா, "வண்டியா, பணமா?" மதி தரையைப் பார்க்கிறான். எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவானோ? ஒரு கணம் அப்படிச் சொல்லிவிட மாட்டானா என்று இருக்கிறது, யாரிடமாவது கடன் வாங்கிவைத்திருந்து என் முகத்தில் வீசிவிட மாட்டானா, நான் தோற்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள மாட்டேனா. அவன் நிமிர்ந்து பூங்கோதையைப் பார்க்கிறான், அவள் தட்டைப் பார்க்கிறாள். "அண்ணன் போட்டது சரிதான் மாமா. வண்டி அண்ணன்கிட்டயே இருக்கட்டும்" என்கிறான். வெற்றிலையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டுகிறான். நான் வாங்கிக்கொள்கிறேன். தட்டிலிருந்து நானும் எடுத்து அவனுக்குக் கொடுக்கிறேன். ஈரம். ஆயில் வாசனை. முடிந்தது.

மாமா எழுந்து, "நல்லாருங்கடா ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவத் தொட்டிப் பக்கம் போகிறார். பூங்கோதை தட்டோடு திரும்பிப் போகிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை, பேசாமல் போவது அவள் சுபாவம்தான், எப்போதும் அப்படித்தான், எதற்கு அதைப் போட்டுக் குடைய வேண்டும். மதி வண்டியை அணைக்கிறான். சத்தம் நின்றதும் வயலில் இவ்வளவு அமைதியா என்று இருக்கிறது, எங்கோ மோட்டார் தண்ணீர் கொட்டுகிறது. சக்கரத்துக்கு அடை கொடுக்கக் குனிந்து, தரையில் கிடந்த கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், மாமாவுக்குக் கேட்காத குரலில் சொல்கிறான்.

"அண்ணே, அந்த ஏற்காட்டுக்காரரு உங்கிட்ட எவ்வளவு சொன்னாரு?"

கையில் வெற்றிலை இருக்கிறது.

"போன வாரம் உன் கடைக்கு வந்துட்டு அப்படியே இங்க வயலுக்கு வந்து வண்டியப் பாத்தாரு. மொதல்ல மூணுன்னாரு. வீட்டுல பெரியவங்க இருக்காங்க, வெல அண்ணன்தான் போடணும்னு சொன்னேன். போகப்போக மூணேகாலுக்கு ஏறிட்டாரு." எழுந்து கையைக் கைலியில் துடைத்துக்கொள்கிறான். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடுகிறேன், இருந்துவிடாதா என்று தேடுகிறேன், ஒன்றும் இல்லை, டயரில் காற்று இறங்கியிருக்கிறது என்று சொல்கிற குரல். "நல்லாப் பேசற ஆளு. உன்னைய ஏமாத்திருவான். மூணேகாலுக்குக் கீழ எறங்கிறாதண்ணே."

"சரிப்பா" என்கிறேன்.